பரம்பிக்குளம் காட்டுல சின்ன பசங்களோட நடக்க யோசனை சொல்லுங்க

வணக்கம்ங்க, நாங்க ஆனைமலைக்காரங்க. அடுத்த மாசம் சேத்துமடை, டாப்சிலிப் வழியா பரம்பிக்குளம் போறோம், பொண்ணுக்கு 7 வயசு, பையனுக்கு 4. கேரளா காடுன்னாலும் ரோடு நம்ம பக்கந்தானே. கன்னிமாரா தேக்கை பசங்களுக்கு காட்டியே ஆகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை, 400 வருஷத்துக்கு மேல நிக்கிற மரம், சுத்தளவே ஆறரை மீட்டருக்கு மேலங்க!

கைடு கூடத்தான் நடக்கணும்னு தெரியும். பையன் ஒரு கிலோமீட்டர் நடப்பான், அப்புறம் தூக்குன்னு கையை நீட்டிருவான், அவன தோள்ல வச்சுட்டு நடக்கலாமா, இல்ல முதுகுல மாட்டுற பேபி கேரியர் வாங்கிறதா?

பெரிய பயம் அட்டைதாங்க. போன மழைக்கு வால்பாறையில பாப்பா கால்விரல் இடுக்குல ஒண்ணு ரத்தம் குடிச்சு திராட்சை மாதிரி உப்பிக் கெடந்துச்சு, உப்பு வச்சதும் விழுந்துருச்சு, ஆனா ரத்தம் நிக்கவே ரொம்ப நேரமாச்சு, புள்ள அன்னிக்கு பூரா செருப்பே போடல. வேப்பெண்ணெய் தடவினா சின்ன பசங்க தோலுக்கு ஒத்துக்குமா? முட்டி வரைக்கும் வர்ற அட்டை சாக்ஸ் அவங்க சைசுல பொள்ளாச்சியில எங்க கிடைக்கும்?

யானை வந்தா சத்தம் போடாம கைடு பின்னாடி நிக்கணும்னு இப்பவே வீட்டுல பழக்கறேன். குழந்தைகளோட போனவங்க கொஞ்சம் சொல்லுங்க, ப்ளீஸ்.