ஸோலாவின் கடிதத்தால் டிரைஃபஸுக்கு என்ன கிடைத்தது?

கொட்டகலை வாசகி:
எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் மாதா மாதம் ஒரு விடயத்தை எடுத்துப் பேசுவோம். இந்தத் தடவை என் தலையில் விழுந்தது நாவலாசிரியர் எமில் ஸோலா 1898-இல் பிரெஞ்சு ஜனாதிபதிக்கு எழுதிய ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’ கடிதம். கதை தெரியும். அல்பிரட் டிரைஃபஸ் என்ற யூத கப்டன் ஜெர்மனிக்கு இரகசியம் கொடுத்தார் என்று 1894 டிசம்பரில் மூடிய அறைக்குள் இராணுவ நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பட்டாளத்துக்கு முன்னால் பதவிப் பட்டிகளைப் பிய்த்து வாளை முறித்து, தென் அமெரிக்காப் பக்கம் இருந்த டெவில்ஸ் தீவுச் சிறைக்கு அனுப்பியது. என் குழப்பம், கடிதம் வந்தது 1898 ஜனவரி 13, டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 1906 ஜூலை. நடுவில், 1899-இல், ரென் நகரில் கூடிய இராணுவ நீதிமன்றம் மறுபடியும் குற்றவாளி என்றே சொன்னது, 1902-இல் ஸோலாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு கடிதம் ஒரு மனிதனைக் காப்பாற்றியது என்று மேடையில் சொன்னால் மிகை இல்லையா? நம்ம பொடியன்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

பதுளை சேர்:
தங்கச்சி, அதை வெறும் கண்டனமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஸோலா வேண்டுமென்றே தன் மேல் வழக்கு வாங்கினார், அங்கேயிருந்து பாருங்கள். உண்மையில் தகவல் விற்றது எஸ்தர்ஹாஸி என்ற இன்னொரு இராணுவ அதிகாரி என்று உளவுப் பிரிவுத் தலைவர் பிக்கார் 1896-இலேயே கண்டுபிடித்துவிட்டார், அதற்காகப் பிக்காரைத் தூனிசியாப் பக்கம் தள்ளிவிட்டார்கள். பிறகு டிரைஃபஸின் அண்ணன் முறைப்பாடு கொடுத்து, எஸ்தர்ஹாஸியை விசாரித்து, 1898 ஜனவரி 11-இல் விடுதலையும் பண்ணியாச்சு. இராணுவத்துக்குள்ளே இனித் தட்ட ஒரு கதவும் இல்லை. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் ஸோலா, 1894-இல் யுத்த அமைச்சராக இருந்த ஜெனரல் மெர்சியேயிலிருந்து கையெழுத்து நிபுணர்கள் மூன்று பேர் வரைக்கும் பெயர் சொல்லி எழுதி, 1881-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின் 30, 31-ஆம் பிரிவுகளில் என் மேல் வழக்குப் போடலாம், தெரிந்தேதான் செய்கிறேன் என்று அதே கடிதத்தில் போட்டார். அவதூறு வழக்கென்றால் சாதாரண நீதிமன்றம், ஜூரி, திறந்த கதவு. ஜெனரல்மாரும் கூண்டில் ஏறத்தான் வேண்டும்.

அரசாங்கமும் லேசுப்பட்டதல்ல. 1894 கதை உள்ளே வந்துவிடக் கூடாதென்று, எஸ்தர்ஹாஸியை மேலிடக் கட்டளைப்படி விடுதலை செய்தார்கள் என்ற சில வரிகளுக்கு மட்டும் வழக்குப் போட்டது. நீதிபதி ‘அந்தக் கேள்வி கேட்கப்பட மாட்டாது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனாலும் ஜெனரல் பெலியோவுக்கு வாய் பொறுக்கவில்லை, டிரைஃபஸ்தான் குற்றவாளி என்பதற்கு எங்களிடம் வேறொரு பத்திரம் இருக்கிறது என்று சாட்சியத்தில் கொட்டிவிட்டார். அது உளவுப் பிரிவின் ஆன்றி செய்த போலி! ஜூலையில் யுத்த அமைச்சர் அதையே பாராளுமன்றத்தில் பெருமையாக வாசித்தார். ஓகஸ்டில் அவருடைய ஆளே விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது தாளின் கோடுகள் இரண்டு நிறமாக இருந்தன, வேறு வேறு கடிதத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஆன்றி ஒப்புக்கொண்டார், மறுநாள் சிறையறையில் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்துக் கிடந்தார். அதன் பிறகு மறுவிசாரணை வேண்டாமென்று சொல்ல யாருக்கு முகம் இருக்கும்?

மஸ்கெலியா பெட்டிசக்காரன்:
நான் ஊருக்கெல்லாம் பெட்டிசம் எழுதிக்கொடுக்கிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். நம்ம பக்கம் அதிகம் போவது மொட்டைப் பெட்டிசம்தான், எழுதினவன் பெயர் இருக்காது, எதிராளி பெயரும் ‘சம்பந்தப்பட்ட சிலர்’ என்று மூடி மறைத்திருக்கும். ஸோலா இரண்டு பக்கப் பெயரையும் போட்டார், ஒரு வருடச் சிறையும் 3000 பிராங் தண்டப்பணமும் கிடைத்தது. மேன்முறையீட்டில் அது ரத்தாகி, ஜூலையில் வெர்சாயில் திரும்ப வழக்கு வந்த அன்றே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஓடிப்போனார் என்று கேலி பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் சொல்லித்தான் போனார், அதுவும் வழக்கை உயிரோடு வைத்திருக்கத்தான். ஆனால் அவர் நாடறிந்த நாவலாசிரியர், கையில் காசும் இருந்தது. லயத்து அறையில் இருக்கிறவன் துரையின் பெயரைப் போட்டு எழுதினால் வேலையும் போகும், காம்பராவும் போகும். இதையும் கூட்டத்தில் பேசுங்கள் அக்கா.

கம்பளை எதிர்க்கட்சி:
சேர் சொல்வது சரி, இருந்தாலும் ஸோலாவைத் தூக்கிப் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று பெர்னார் லஸார் என்ற எழுத்தாளர் 1896-இலேயே பிரசுரம் போட்டுவிட்டார், அப்போது யாரும் காதில் வாங்கவில்லை. பிக்கார் வேலையையும் இழந்து சிறைக்கும் போனார். ஸோலா முக்கிய ஆளாகக் காட்டியது துய் பாத்தி தெ கிளாம் என்ற அதிகாரியை, போலியைச் செய்த ஆன்றி அந்தக் குற்றச்சாட்டுப் பட்டியலிலேயே இல்லை. புகழ்பெற்ற அந்தத் தலைப்பைக்கூட வைத்தது ‘ஓரோர்’ பத்திரிகையில் இருந்த கிளெமான்சோ. ஆனால் அன்றைக்குச் சுமார் 3 லட்சம் பிரதி அச்சடித்தார்கள், அதை மறுக்கவில்லை.

உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால் பிரேஸ்கேர்டிலை எடுங்கள். மடுல்கலைப் பக்கம் சின்னத்துரை வேலை பழக வந்த வெள்ளைக்காரர், தொழிலாளர் பக்கம் பேசினார் என்று 1937-இல் ஆளுநர் நாடுகடத்தக் கட்டளை போட்டார். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று விட்டுவிட்டது. அங்கேயும் திறந்த நீதிமன்றத்துக்கு வந்ததால்தான் காரியம் நடந்தது. (சேரின் பக்கம் நானே சாய்கிறேன் போல, பரவாயில்லை.)

கொட்டகலை வாசகி:
எல்லோருக்கும் நன்றி, சேர் சொன்ன வழியில்தான் பேசப்போகிறேன், துரை விடயத்தையும் விடமாட்டேன். இன்னொன்று, கடிதம் வெளிவந்தது தீவில் இருந்த டிரைஃபஸுக்கு எப்போது தெரிந்தது?

பதுளை சேர்:
1899 ஜூலையில், ரென் சிறைக்குக் கொண்டுவந்த பிறகு, சட்டத்தரணிகள் சொல்லித்தான். வீட்டுக் கடிதமெல்லாம் தணிக்கையாகித்தான் போனது, அதனால் ஸோலாவின் கடிதம், வழக்கு ஒன்றுமே அவர் அதுவரை அறியவில்லை. பொடியன்களிடம் இதைக் கடைசிக்கு வைத்துச் சொல்லாதீர்கள், முதலிலேயே சொல்லுங்கள், அப்புறம் கேட்பார்கள்.