சீட்டு உதிர்ந்த ஆறு ஜாடிகள்: எது எந்த விலங்கின் சினைப்பை?

ஃபார்மலின்_மூக்கு:

பழைய உடற்கூறியல் மாதிரிகளில் ஆறு ஜாடிகளின் பெயர்ச்சீட்டு உதிர்ந்துவிட்டது. பதிவேட்டில் இருப்பவை பசு, எருமை, குதிரை, பன்றி, நாய், கோழி. முசுக்கொட்டைப் பழம் போல முடிச்சு முடிச்சாக இருப்பது பன்றி. மஞ்சள் உருண்டைகள் கொத்தாகத் தொங்குவது கோழி. மீதியில்தான் சிக்கல்:

1. அவரை விதை வடிவத்தில் வளைந்தது, 7 செ.மீ. நீளம். அறுத்த முகத்தில் ஃபாலிக்கிள்கள் (கருமுட்டை வளரும் நுண்பைகள்) உள்ளே இருக்கின்றன, இரத்தக்குழாய்கள் வெளிவட்டத்தில். எல்லாம் தலைகீழ். இது ஏதாவது கட்டியா?
2. பாதாம் வடிவில் இரண்டு. ஒன்று 3.5 செ.மீ., மற்றது 2.5 செ.மீ.
3. ஒரு ஜாடியில் வெறும் கொழுப்பு உருண்டைதான் தெரிகிறது. உள்ளே சினைப்பை இருக்குமா?

கோழி ஜாடியில் ஒரே ஒரு சினைப்பைதான் இருக்கிறது. ஜோடியை யாராவது தொலைத்துவிட்டார்களா?

நீளக்கையுறை:

முதலாவது கட்டி இல்லை, குதிரை. மற்ற பாலூட்டிகளில் ஃபாலிக்கிள் இருக்கும் புறணி வெளியே, இரத்தக்குழாய் நிறைந்த அகணி உள்ளே. குதிரையில் இது இடம் மாறிக் கிடக்கும். குட்டி பிறக்கும்போது சினைப்பை முட்டை வடிவில்தான் இருக்கும். வளர வளர வளைந்து, புறணி உள்ளே ஒடுங்கி, உள்வளைவில் ஒரு குழியில் மட்டும் வெளியை எட்டிப் பார்க்கும். கருமுட்டை வெளியேற அந்தக் குழியைத் தவிர வேறு வாசல் கிடையாது. உங்கள் ஜாடியில் வளைவின் உட்பக்கத்தை ஆய்வுக்கம்பியால் தடவிப் பாருங்கள், குழி தட்டுப்படும்.

கட்டி என்ற சந்தேகம் நியாயமானதுதான். குதிரைச் சினைப்பையில் அதிகம் வரும் கட்டி கிரானுலோசா செல் கட்டி. அது வந்தால் சினைப்பை வீங்கி, அறுத்த முகம் பெரும்பாலும் தேன்கூடு போல் இருக்கும், குழி மறைந்துவிடும். உயிருள்ள குதிரையில் மறுபக்கச் சினைப்பை சுருங்கிக் கிடக்கும். குழி தெளிவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

இந்த அமைப்பால்தான் பசுவில் பழகிய கை குதிரையில் ஏமாறுகிறது. பசுவில் மேற்பரப்பின் எந்த இடத்திலும் ஃபாலிக்கிள் வெடிக்கலாம். அங்கே உருவாகும் கார்ப்பஸ் லூட்டியம் (ஹார்மோன் சுரக்கும் திசு) 2 முதல் 2.5 செ.மீ. வரை வளர்ந்து கிரீடம் போல் துருத்தி நிற்கும், மலக்குடல் வழியே தடவினால் விரலில் சிக்கும். குதிரையில் அது உள்ளேயே புதைந்திருக்கும். வெடித்து ஓரிரு நாள் மெத்தென்ற பள்ளமாகத் தெரியும். அதற்குப் பிறகு ஸ்கேன்தான் வழி. கையில் தட்டுப்படவில்லை என்பதை வைத்து “இல்லை” என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பசுவின் கார்ப்பஸ் லூட்டியத்தை விரலால் பிதுக்கி எடுக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் ஓய்ந்தபாடில்லை. இரத்தம் கசிந்து சினைப்பையும் கருக்குழாயின் வாய்ப்புனலும் ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் மலடுதான். சினைப்பருவத்துக்குப் பிறகு 5, 6 நாள் தாண்டியிருந்தால் புரோஸ்டாகிளாண்டின் ஊசியே அதைக் கரைத்துவிடும். அதற்கு முன்னால் போட்டால் பலிக்காது. இளம் கார்ப்பஸ் லூட்டியம் அந்த மருந்துக்கு மசியாது.

கத்தியும்_தையலும்:

கொழுப்பு உருண்டைதான் நாய். வெட்டிவிடாதீர்கள், முதலில் திருப்பிப் பாருங்கள். நாயின் சினைப்பை ஒரு சுருக்குப்பைக்குள் ஒளிந்திருக்கும், அந்தப் பையின் சுவர் முழுக்கக் கொழுப்பு. ஒரு பக்கத்தில் சிறு பிளவு மட்டும் இருக்கும். கருக்குழாய் பையின் சுவரிலேயே சுற்றிக்கொண்டு போகும். பிளவில் நுனி மழுங்கிய கத்தரியை நுழைத்து விரித்தால் உள்ளே 1.5 முதல் 2 செ.மீ. அளவில் சினைப்பை கிடைக்கும். பூனையில் இந்தப் பை பாதிதான் மூடியிருக்கும், அதனால் குழப்பம் இல்லை.

கருத்தடை அறுவையில் வரும் தவறும் இங்கிருந்தே தொடங்குகிறது. சினைப்பையைக் கண்ணால் பார்க்காமல், பையைக் கையால் உத்தேசமாகப் பிடித்துக் கவ்வி போட்டால், ஒரு துணுக்கு கவ்விக்கு அந்தப் பக்கம் தங்கிவிடும். சில மாதங்களிலோ வருடங்களிலோ நாய் மறுபடி சினைக்கு வரும். வலது சினைப்பை இடதைவிட முன்னால், ஆழத்தில் இருப்பதால் எட்டுவது கடினம். கடைசி விலா எலும்புப் பக்கம் போகும் தொங்குநாரை நன்றாகத் தளர்த்திய பிறகே கவ்வியைப் போட வேண்டும். எடுத்ததும் பையைத் திறந்து, சினைப்பை முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தையல் போடுவது நல்லது.

ஃபார்மலின்_மூக்கு:

குழி இருக்கிறது! கொழுப்புக்குள் சினைப்பையும் இருக்கிறது. பசு, எருமை இரண்டை எப்படிப் பிரிப்பது? பசுவின் கார்ப்பஸ் லூட்டியம் ஆரஞ்சு நிறம் என்று படித்தேன், இரண்டுமே சாம்பலாக இருக்கின்றனவே.

மைக்ரோடோம்:

நிறத்தை நம்பாதீர்கள். பசுவில் அந்த நிறம் கரோட்டின் தருவது, ஃபார்மலினில் கிடந்து வெளுத்திருக்கும். எருமை கரோட்டினைச் சேர்த்து வைப்பதில்லை (எருமைப் பாலும் நெய்யும் வெள்ளையாக இருப்பது அதனால்தான்), அதன் கார்ப்பஸ் லூட்டியம் புதிதிலேயே மங்கல்தான். அளவைப் பார்த்தால் 2.5 செ.மீ. உள்ளது எருமையாக இருக்க வாய்ப்பு. கார்ப்பஸ் லூட்டியம் துருத்தாமல் உள்ளடங்கி இருந்தால் அந்த ஊகம் வலுக்கும். ஆனால் கன்று ஈனாத கிடாரிப் பசுவின் சினைப்பையும் சிறிதாகத்தான் இருக்கும்.

ஐயம் தீராவிட்டால் ஒரு மெல்லிய சீவல் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். எருமையில் தொடக்கநிலை ஃபாலிக்கிள்கள் பத்தாயிரம், இருபதாயிரம் அளவில்தான். பசுவில் லட்சத்தைத் தாண்டும். புறணியில் அடர்த்தி வித்தியாசம் தெரியும், வயது முதிர்ந்த பசுவில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும். சீவலை நீளவாக்கில், இரத்தக்குழாய் நுழையும் இடத்தை ஊடறுத்து எடுங்கள். குறுக்கே வெட்டினால் புறணி, அகணி விகிதமே தவறாகத் தெரியும்.

புதிய மாதிரி சேகரிப்பதானால் முழுதாக ஃபார்மலினில் போடாதீர்கள், நடுப்பகுதி அழுகிவிடும். 5 மி.மீ. தடிமனுக்கு மேல் போகாமல் வெட்டி, திசுவைப் போல் 10 மடங்கு கரைசலில் போடுங்கள். ஃபார்மலினுக்குப் பதில் பூயின் கரைசல் (திசுவைப் பதப்படுத்தும் மஞ்சள் திரவம்) என்றால் 24 மணி நேரம் போதும், பிறகு மஞ்சள் போகும் வரை 70 சதவீத ஆல்கஹாலில் அலசுங்கள்.

கூண்டுக்கோழி:

கோழியின் ஜோடி தொலையவில்லை. கருவில் இரண்டும் தோன்றும், வலது வளராமல் நின்றுவிடும். இடது மட்டும் இடச் சிறுநீரகத்தின் முன்முனையை ஒட்டித் தொங்கும். குஞ்சிலேயே இடதை எடுத்துவிட்டால் அந்த வலது எச்சம் விரைபோல வளரக்கூடும். கிவி பறவைக்கு இரண்டுமே வேலை செய்யும்.

கொத்தில் பெரிய மஞ்சள் ஃபாலிக்கிள்களை அளவு வாரியாக எண்ணுங்கள். முட்டையிடும் கோழியில் ஐந்தாறு இருக்கும், மூத்தது 4 செ.மீ. அளவில். ஒவ்வொன்றின் மேலும் இரத்தக்குழாய் இல்லாத வெளிர் கோடு ஒன்று ஓடும், அதன் வழியேதான் கிழியும். கோடு தவறிக் கிழிந்தால் மஞ்சள் கருவில் இரத்தப் புள்ளி. கோழியில் கார்ப்பஸ் லூட்டியம் கிடையாது. வெடித்த உறை காலிப் பையாகச் சுருங்கி மறையும். ஜாடியில் அதைப் பார்த்து “சிதைந்த ஃபாலிக்கிள்” என்று எழுதிவிடாதீர்கள்.

குஞ்சுப்பொரிப்பகம்:

ஏழாவது ஜாடி வைக்கும் எண்ணம் இருந்தால் ரோகு வையுங்கள். மீனில் காற்றுப்பைக்குக் கீழே இரண்டு நீளப் பைகள். இங்கே முட்டை வெளியே வெடிக்காது, சினைப்பையின் உள்குழிக்குள் உதிரும். டிரவுட், சால்மனில் நேராக வயிற்றறைக்குள்ளேயே விழும். உதிர்ந்த முட்டை ரோகுவின் குழியில் தங்கிவிட்டால் கெட்டுப்போகும், பிறகு விந்து சேர்த்தாலும் பொரிக்காது.

முட்டையிடத் தூண்டும் ஊசி போடும் முன் மெல்லிய குழாயால் சில முட்டைகளை உறிஞ்சி, ஆல்கஹால் 6, ஃபார்மலின் 3, அசெட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த கரைசலில் போட்டுப் பார்க்கலாம். உட்கரு நடுவிலேயே இருந்தால் காத்திருங்கள். ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் தயார். ரோகு பெண்ணுக்கு ஓவாப்ரிம் (அந்த ஊசி மருந்து) உடல் எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மி.லி.

ஃபார்மலின்_மூக்கு:

நன்றி. 2.5 செ.மீ. உள்ளதில் கார்ப்பஸ் லூட்டியம் உள்ளடங்கித்தான் இருக்கிறது. இப்போதைக்கு “எருமை?” என்று கேள்விக்குறியோடு எழுதி, சீவல் பார்த்த பிறகு குறியை எடுக்கிறேன்.

மைக்ரோடோம்:

பேனாவில் எழுதாதீர்கள், கரைந்துவிடும். பென்சிலில் தடித்த தாளில் எழுதி ஜாடிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியதால்தானே இத்தனை பாடு.