களியக்காவிளையில் மீட்டர் வைத்த நாள்

களியக்காவிளைக்காரன்:

எம்.இ. கடைசி வருடப் புராஜெக்டுக்கு ரோட்டுச் சத்தத்தை எடுத்துக்கொண்டேன். எத்தனை வண்டி, என்ன வேகம், அதில் லாரி பஸ் எவ்வளவு என்று தெரிந்தால், சத்தம் அளக்கும் மீட்டர் வைக்காமலேயே எவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று பிறகு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இடத்துக்கு அலையவில்லை, சொந்த ஊரே போதும். நாலு எட்டு வைத்தால் கேரளம். இரண்டு மாநிலத்து அரசு பஸ், மீன் வண்டி, கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி எல்லாம் அந்த ஒடுங்கின ரோட்டில்தான் நெளிகின்றன.

பஸ் ஸ்டாண்டிலிருந்து தள்ளி, ஒரு வளைவுக்கு முன்னால் ட்ரைபாடை நிறுத்தி, மைக்கை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்து, பஞ்சு உறையை மாட்டினேன். அவ்வளவுதான், எதிர்ச் சாயாக்கடை அண்ணாச்சி இறங்கி வந்துவிட்டார்.

“மக்களே, ரோடு அளக்கவா வந்திருக்க? கடை போவுமா?”

“இல்ல அண்ணாச்சி, சத்தத்த அளக்கேன்.”

“அத அளக்க மெசின் எதுக்கு? நெறய இருக்குன்னு நான் சொல்லுதேன், எழுதிக்க.”

ரோடு அகலமாக்கும் பேச்சு எழுந்த நாளிலிருந்து, எவன் கையில் நோட்டும் பேனாவும் இருந்தாலும் அங்கே சந்தேகம்தான். சாயா குடித்துப் பேசி நம்ப வைக்க அரை மணி நேரம் ஆனது.

சரி, கணக்குக்கு வருகிறேன். நான் எடுத்தது ரோட்டுச் சத்தத்தைக் கணக்கிட 1988-இல் பிரிட்டன் வெளியிட்ட முறை, அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி சிஆர்டிஎன் என்பார்கள். ஒரு மணி நேர வண்டி எண்ணிக்கையின் மடக்கையைப் பத்தால் பெருக்கி 42.2 கூட்டினால், ரோட்டோரத்திலிருந்து 10 மீட்டரில் அடிப்படைச் சத்தம் கிடைக்கும். மணிக்கு 1,500 வண்டி என்று வையுங்கள், 74 டெசிபெல் வரும். அதற்கு மேல் திருத்தங்கள். நம் ஊர் வேகம் 30 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 5 டெசிபெல் கழியும். நூற்றில் 15 கனவண்டி என்றால் 5-க்குக் கொஞ்சம் மேலே கூடும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட, 74 சொச்சத்திலேயே நிற்கும். கனவண்டி என்றால் காலி எடை 1,525 கிலோவைத் தாண்ட வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் நம் டீசல் ஆட்டோ காரோடு சேர்ந்துவிடுகிறது! அதன் பின்னால் சிக்னலில் நின்றவர்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த முறை தருவது எல்10. அளந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் எந்த அளவைத் தாண்டிச் சத்தம் இருந்ததோ, அந்த அளவு. நம் நாட்டின் 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகள் கேட்பது எல்-ஈக்யூ, அதாவது மொத்த ஒலி ஆற்றலின் சராசரி. வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபெல்தான் எல்லை. வண்டிகள் ஒரே சீராக ஓடும் ரோட்டில் எல்10-ஐவிட எல்-ஈக்யூ 3 டெசிபெல் அளவுக்குக் குறைவாக இருக்கும். அதனால் 3-ஐக் கழித்து எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

மீட்டரில் எல்10 கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. ஆனால் கீழே இருக்க வேண்டிய எல்-ஈக்யூ அதற்கும் மேலே நின்றது! மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மீட்டரைச் சரிபார்க்க 94 டெசிபெல் சத்தம் தரும் கேலிபரேட்டரை மாட்டிப் பார்த்தால் சரியாகத்தான் காட்டியது. அப்புறம் ஒவ்வொரு வினாடியின் அளவையும் விரித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஹாரன்.

ஒரு நிமிடம் முழுக்க 70 டெசிபெல் இரைச்சல். அதில் ஒரே ஒரு வினாடி 95-இல் ஏர் ஹாரன். எல்-ஈக்யூ 78-க்கு ஏறிவிடும். எல்10 அசையவே அசையாது, 60-இல் 1 வினாடி பத்தில் ஒரு பங்குகூட இல்லையே. ஹாரன் அபூர்வமாக ஒலிக்கும் நாட்டுக்காரன் போட்ட சூத்திரத்துக்கு அது காதிலேயே விழாது. வளைவில் எதிரே வருவது தெரியாமல் எங்கள் ஆட்கள் அடிப்பதை அவன் எங்கே கண்டான்!

வாளையார்க்காரர்:

கோவை, பாலக்காடு எல்லையில் அளந்த எங்களுக்கு ஹாரனைவிடக் காற்றுதான் வில்லன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் எப்படி என்று தெரியுமல்லவா? வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அளந்ததைத் தூக்கிப்போட வேண்டியதுதான், மைக்கில் மோதும் காற்றே இரைச்சலாகப் பதிவாகிவிடும். மூன்று நாள் நின்று, உருப்படியாகக் கிடைத்தது ஒரு காலைப் பொழுது.

இன்னொன்று. வாளையாரில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தில் அப்பாவின் கடை ரோட்டோரம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை போனது, வரிசையும் போனது. ஊர் அமைதியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம். இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கிய லாரிகள் இப்போது ராத்திரி முழுக்க விரட்டிக்கொண்டு போகின்றன. வேகம் ஏற ஏற டயர் ரோட்டில் தேய்கிற இரைச்சல் இன்ஜினை மூடிவிடும். அப்பா இப்போது தலையணையை மாற்றிப் போட்டுப் படுக்கிறார்.

நகரிக்காரி:

எங்கள் கதை சிரிப்புக் கதை. திருத்தணியிலிருந்து ஆந்திராவின் நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போகும் ரோட்டில் வண்டி எண்ண என்னையும் தோழியையும் உட்கார வைத்தார்கள். தேதியை முடிவு செய்தவர் காலண்டர் பார்க்கவில்லை போல. போய் உட்கார்ந்தால் ஆடிக் கிருத்திகை! காவடி, பம்பை, ஒலிபெருக்கி கட்டின வேன். ஒரு தெலுங்குத் தாத்தா எங்கள் நோட்டை எட்டிப் பார்த்து, காவடி எடுப்பவர்களை எண்ண வந்தோம் என்று நினைத்துக்கொண்டு மோர் வாங்கிக் கொடுத்தார். மறுக்கவில்லை. அன்றைய கணக்கு எதற்கும் ஆகவில்லை.

களியக்காவிளைக்காரன்:

நகரி அக்கா, மோராவது கிடைத்ததே.

ஹாரன் குழப்பத்துக்கு அப்புறம் நான் என்ன செய்தேன் என்றால்: நம் நாட்டில் இந்த வேலை செய்பவர்கள் ஹாரனுக்கென்று தனியாக ஒரு திருத்தம் சேர்ப்பதுண்டு. அதற்கு ஹாரனை எண்ண வேண்டும். நான் வண்டிகளை எண்ணவே தடுமாறிக்கொண்டிருந்ததால், ஹாரன் எண்ணிக்கையைச் சாயாக்கடை அண்ணாச்சியிடமே ஒப்படைத்தேன். பழம்பொரி கட்டும் தாளில், நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழித்து, ஒரு மணி நேரம் அக்கறையாக எண்ணிக் கொடுத்தார். பார்த்தால் நம்பவே முடியவில்லை, அவ்வளவு குறைவு.

“என்ன அண்ணாச்சி, இவ்வளவுதானா?”

“பஸ்சும் டாரசும் அடிச்சத எல்லாம் போட்டிருக்கேன். பைக்குக்காரன் பீப்பீன்னு அடிக்கது எல்லாம் ஹாரனா மக்களே?”