மலிவு விலை ஏர் பிஸ்டல், கடலோர உப்புக் காற்று: பிஸ்டனுக்குத் தோல் வாஷரா, சிந்தெடிக் சீலா?

இடம் மண்டபம் பக்கம். உள்நாட்டுத் தயாரிப்பு, .177 (4.5 மி.மீ. குண்டு), பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் வகை. 10 மீட்டர் அட்டைப் பயிற்சிக்கு மட்டும்தான். கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து வேகம் இறங்கிக்கொண்டே வருகிறது. குண்டு குறிக்குக் கீழே விழுகிறது. தட்டைத் தலை பெல்லட்டும் அட்டையை வட்டமாக வெட்டாமல் கிழிக்கிறது.

ப்ரீச் ஓ-ரிங் (பேரல் சிலிண்டரோடு சேரும் மூட்டில் உள்ள ரப்பர் வளையம்) மாற்றியாச்சு. மூட்டின் மேல் டிஷ்யூ துண்டு வைத்துச் சுட்டால் அசையவே இல்லை, ஆக அங்கே கசிவு கிடையாது. பேரல் மடங்கும் பிவட் போல்ட் இறுக்கமாக இருக்கிறது. பெல்லட் மாற்றியும் பலன் இல்லை. பிரித்துப் பார்த்ததில் ஸ்பிரிங் கண்ணாடி மேல் நேராக உருளுகிறது, கோணல் இல்லை. சிலிண்டர் உள்சுவரில்தான் பொடித் துரு; பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் தோல் வாஷரின் விளிம்பு காய்ந்து ஓரிடத்தில் பிசிறு விட்டிருக்கிறது. துருவைத் துடைத்தும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் சின்னக் குழிகள்.

தையல் மெஷின் எண்ணெய் விடச் சொல்லாதீர்கள். டீசலிங் ஆகி (அழுத்தச் சூட்டில் எண்ணெய் தீப்பற்றி) ஸ்பிரிங்கும் சேர்ந்து போகும்.

சிந்தெடிக் சீல் போட்டால் அந்தக் குழிகள் அறுத்துவிடுமோ என்று யோசனை. தோல் அதைத் தாங்கும், ஆனால் காய்ந்துகொண்டே இருக்கும். கீழக்கரை, ராமேஸ்வரம், தொண்டி பக்கம் இந்த வகை வைத்திருப்பவர்களுக்கு எந்த சீல் அதிக நாள் நின்றது?