புதுப்பிப்பு: ஈதரை ஸ்டேபிள்காயினாக மாற்றி முடித்தாயிற்று

விலை சரியும்போது எத்தீரியம் பிளாக்செயினில் அதன் நாணயமான ஈதரை யுஎஸ்டிசியாக (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் ஸ்டேபிள்காயின்) மாற்றப் போனால் கேஸ் கட்டணமே (பரிவர்த்தனைக்கு நெட்வொர்க் வாங்குவது) பெரிதாகக் கடிக்கிறது, வேகமாகவும் மலிவாகவும் செய்ய வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, நேற்று மாற்றிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி சந்தை அமைதியாக இருந்தபோதே ஈதரை ஆர்பிட்ரமுக்கு (எத்தீரியத்தின் மேல் இயங்கும், கட்டணம் குறைந்த நெட்வொர்க்) நகர்த்தி வைத்ததுதான் பெரிய உதவி, ஏனென்றால் விலை ஆட ஆரம்பித்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், கட்டணமும் கூடவே ஏறும். மாற்றியது யுனிஸ்வாப் என்ற பரிமாற்றத் தளத்தில்: 0.05% கட்டணமுள்ள பூல் (மாற்றுவதற்கான டோக்கன் இருப்பு), ஸ்லிப்பேஜ் (ஏற்கும் விலை விலகல்) 0.5%. சில நொடிகளில் முடிந்தது. ஈதரைத் தளம் எடுக்கத் தனி அனுமதி தேவையில்லை; மற்ற டோக்கன் என்றால் பெரும்பாலும் முதலில் அப்ரூவல் கொடுக்க வேண்டும், அதற்கும் கேஸ் உண்டு.

ஒரே ஒரு இடத்தில் கை நின்றது. பட்டியலில் யுஎஸ்டிசி, யுஎஸ்டிசி.இ என்று இரண்டு இருந்தன. இரண்டாவது எத்தீரியத்திலிருந்து பிரிட்ஜ் (நெட்வொர்க்குகளுக்கு இடையே டோக்கனை நகர்த்தும் வழி) வழியாக வந்தது, யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் ஆர்பிட்ரமில் நேரடியாக வெளியிடுவது அல்ல. சில எக்ஸ்சேஞ்சுகள் அதை ஏற்காது, தயவுசெய்து கான்ட்ராக்ட் முகவரியை (பிளாக்செயினில் அந்த டோக்கனின் அடையாளம்) ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அழுத்துங்கள்.

அப்புறம், 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, சர்க்கிளின் கையிருப்பில் ஒரு பகுதி அங்கே இருந்ததால், யுஎஸ்டிசியே 0.88 டாலர் அருகே இறங்கியது நினைவிருக்கும். அதனால் ஒன்றையே நம்பாமல், பாதியை யுஎஸ்டிடி என்ற இன்னொரு டாலர் ஸ்டேபிள்காயினில் வைத்திருக்கிறேன்.