ப்ளூ க்ளோ கற்றாழைக்குச் செம்மண் ஆகாதா?

தகடூரான்:
நேற்று ஓசூர் மாடி என்பவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. "ப்ளூ க்ளோ அகேவ் கற்றாழைக்குச் செம்மண் ஒரு பிடிகூட ஆகாது, வேர் அழுகிவிடும், பியூமிஸ் என்கிற எரிமலை நுரைக்கல் வாங்குங்கள்" என்கிறார். தர்மபுரியில் என் மொட்டை மாடியில் நான்கு வருடமாக ஒரு செடி நிற்கிறது. பாதி செம்மண், மீதி ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும். காலை வெயில் பின்னாலிருந்து விழுந்தால் இலையின் சிவப்பு ஓரம் விளக்கு ஏற்றிய மாதிரி ஒளிர்கிறது. அழுகின செடி அப்படியா இருக்கும்?

ஓசூர் மாடி:
ஐப்பசி அடைமழையில் எங்கே வைத்தீர்கள்? ஷீட்டுக்கு அடியிலா? நான் மூன்று செடி பறிகொடுத்தவன். மூன்றும் செம்மண் கலந்தவை. மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் மண் களியாகவே கிடந்தது. நடுக்குருத்தைத் தொட்டால் கையோடு வந்துவிட்டது.

தகடூரான்:
மழையிலேயேதான் நின்றது. தொட்டியில் ஓட்டை ஒழுங்காக இருந்தால் தண்ணீர் ஏன் தங்குகிறது? நீங்கள் தினமும் குடத்தோடு மாடி ஏறியிருப்பீர்கள். நான் கோடையிலேயே பத்து நாளைக்கு ஒரு தடவைதான், அடிமண் வரை காய்ந்த பிறகுதான் ஊற்றுகிறேன். செம்மண் மேல் பழி போடாதீர்கள்.

பென்னாகரம் புதியவன்:
ஐயா, ஒரு சந்தேகம். செம்மண் என்று எதைச் சொல்கிறீர்கள்? எங்கள் பக்கம் சரளையும் செம்மண்தான், ஏரிக்கரைக் களியும் செம்மண்தான்.

தகடூரான்:
செம்மண் என்றால் செம்மண்தான் தம்பி. வேலியோரம் ஆனைக்கற்றாழை எந்த மண்ணில் நிற்கிறது? அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்த அகேவ்தானே. அதற்கு யார் பியூமிஸ் போட்டார்கள்?

ஓசூர் மாடி:
ஆனைக்கற்றாழையும் இதுவும் ஒன்றா? ப்ளூ க்ளோ, அட்டெனுவாட்டா, ஒகாஹுயி என்கிற இரண்டு அகேவ் வகைகளைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பு. ஒகாஹுயி மெக்சிகோவின் சொனோராவில் பாறைச் சரிவில் வளர்வது. இரண்டு அடிக்குள் அடங்குகிற செடியை ஆள் உயரச் செடியோடு வைத்துப் பேசுகிறீர்கள். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் வெயிலில் காய்கிற மாதிரி இங்கே மண் காயாது.

தகடூரான்:
அப்படியென்றால் குளிர் ஆகாது என்று எழுதியிருக்க வேண்டும். செம்மண் ஆகாது என்று ஏன் எழுதினீர்கள்? 2004-இல் எங்கள் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததிலிருந்தே ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரில் விலை கொடுத்து வாங்கினால்தான் சரக்கு.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
மாவட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நானும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான், என் மாமரமெல்லாம் செம்மண்ணில்தான் நிற்கிறது. அது இருக்கட்டும். போன வருடம் "ப்ளூ க்ளோ பக்கக்கன்று" என்று 300 ரூபாய்க்குக் கொடுத்தீர்களே தகடூரான், இன்று வரை நுனியில் ஒரு முள் இல்லை, சிவப்பு ஓரமும் இல்லை. அது வெறும் அட்டெனுவாட்டா. ப்ளூ க்ளோ பக்கக்கன்று விடுவதே அபூர்வம், திசு வளர்ப்பில்தான் பெருக்குகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தகடூரான்:
நிழலில் வைத்திருப்பீர்கள். வெயிலில் வையுங்கள், நிறம் வரும். கன்று செழிப்பாக இருக்கிறதா இல்லையா? எந்த மண்ணில் வைத்தீர்கள்?

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
தோட்டத்து மண்ணில்தான். அதற்கென்ன?

தகடூரான்:
தோட்டத்து மண் என்றால் செம்மண்! பார்த்தீர்களா ஓசூர் மாடி?

ஓசூர் மாடி:
அட்டெனுவாட்டா பிழைத்ததைக் காட்டி ப்ளூ க்ளோவுக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். என் மூன்று செடிக்குப் பதில் இன்னும் வரவில்லை.

பென்னாகரம் புதியவன்:
ஞாயிற்றுக்கிழமை செடி வாங்கப் போகிறேன். சரளை மண் போடலாமா, கூடாதா?

தகடூரான்:
பாதி செம்மண் போடுங்கள் தம்பி. நாளைக் காலை என் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் படம் எடுத்துப் போடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு:
படம் மெதுவாக வரட்டும். என் 300 ரூபாய் எப்போது வரும்?