கல்லீரல் புற்றுநோய்: டேஸ் சிகிச்சையுடன் இம்யூனோதெரபி சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பாவுக்கு 67 வயது. ஹெபடைடிஸ் பி-யால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வந்து, இப்போது கல்லீரலில் மூன்று கட்டிகள். வெளியே பரவவில்லை, ஆனால் ஆபரேஷனுக்கு வழியில்லை என்கிறார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, கட்டிக்கே மருந்து கொடுத்து, அதற்குப் போகும் ரத்தத்தை அடைக்கும் டேஸ் செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். அதோடு இம்யூனோதெரபியும் (உடலின் எதிர்ப்பு சக்தியே புற்றுநோயைத் தாக்க உதவும் மருந்து) சேர்க்கலாமா, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டில் நான்தான் இதையெல்லாம் படிப்பவன். ரத்தத்தை அடைத்ததும் கட்டி புது ரத்தக்குழாய்களை வளர்க்கப் பார்க்குமாம். அதைத் தடுக்கத்தான் பெவாசிசுமாப் என்ற மருந்து. எமரால்ட்-1 என்ற மருந்து ஆய்வில் டேஸுடன் டுர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, பெவாசிசுமாப் இரண்டும் சேர்த்தபோது நோய் முற்றாமல் இருந்த காலம் சராசரியாக 8.2 மாதத்திலிருந்து 15 மாதமானது. 2024-இல் அதை வெளியிட்டபோது ஆயுள் கூடுகிறதா என்பது முடிவாகவில்லை. எனக்கு இடிப்பது அதுதான். செலவு வேறு சின்னது இல்லை.

இந்தச் சேர்க்கையை எடுத்தவர்களோ அவர்கள் வீட்டாரோ இருந்தால் சொல்லுங்கள்: டேஸ் முடிந்து எத்தனை நாளில் ஊசி தொடங்கினார்கள்? உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீங்கியிருந்தால் பெவாசிசுமாப் ரத்தக்கசிவு தரலாம் என்பதால், முதலில் எண்டோஸ்கோபி பார்த்தார்களா? தமிழ்நாட்டில் இப்போது ஆள் சேர்க்கும் மருந்து ஆய்வு ஏதாவது தெரியுமா? இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பதியும் சிடிஆர்ஐ பதிவேட்டில் தேடினேன், எது இன்னும் திறந்திருக்கிறது என்று பிடிபடவில்லை.

நாட்டு மருந்து யோசனைகள் மட்டும் வேண்டாம் ப்ளீஸ், அவர் கல்லீரல் தாங்காது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் நல்லது.